அயல்நாட்டுப் பயணமும் அச்சமும்

கடல் கடந்து சென்று பொருளும் கல்வியும் ஈட்டி வருதல் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. நம் கல்லூரியிற் பயின்று தேறியவருள்ளும் ஆண்டுதோறும் சிலர் அயல்நாடு செல்கின்றனர். அவர் தாம் கண்ட நகரங்களையும், மாளிகைகளையும், பனி மலைகளையும் குறித்து வரையும் கட்டுரைகள் இத்தகைய ஆண்டு மலர்களை அணி செய்கின்றன. அவற்றை விரும்பிப் படிப்பவருள் யாமும் உள்ளோம். ஆயினும், அக்கட்டுரைகளிற் பெரும்பாலும் ஒரு குறை காண்கின்றோம். கண்டு வியந்தவை கூறப்படுகின்றன. அஞ்சி நடுங்கியவை கூறப்படுவதில்லை. வழி தவறி நின்ற இரவும், வஞ்சகரிடம் அகப்பட்ட பகலும், மயிரிழையில் உயிர் தப்பிய பொழுதும் வீட்டாரிடத்தும் மறைக்கப்படுகின்றன. அங்ஙனம் மறைத்தல் நன்றன்று. தாம் அஞ்சியதை உள்ளவாறு எடுத்துரைத்தலே, சென்று மீண்டவர் பின் செல்வோர்க்குச் செய்யும் தலையாய உதவி என்பதே யாம் ஈண்டு நிறுவப் புகுந்த கருத்தாம்.

அச்சத்தை வெளியிடுதல் ஆண்மைக்கு இழுக்கு என்று எண்ணுவார் உளர். திருவள்ளுவர் அச்சத்துக்கு அறிவுடைமை என்னும் அதிகாரத்துள்ளேயே ஓர் இடம் தந்துள்ளார் என்பதை அன்னார் நினைவு கூர்வாராக. அஞ்சத் தக்கது இன்னதென்று அறிவதும் அறிவின் ஒரு கூறே. தன் ஊரில் வாழ்பவன் அவ்வறிவைத் தேடாமலே பெறுகின்றான். ஆற்றில் எத்துறையிற் சுழல் உண்டு, எக்கிணற்றுப் படி வழுக்கும், எவன் சொல்லை நம்பலாகாது என்பனவற்றை அவனுடைய பாட்டி சிறு வயதிலேயே சொல்லி வைத்திருக்கின்றாள். அயல்நாடு புகுந்தவனுக்கோ அங்கே பாட்டி இல்லை. அவன் கண்ணுக்குக் கடலெல்லாம் ஒரு கடல். மலையெல்லாம் ஒரு மலை. இன்சொல் பேசுவாரெல்லாம் நல்லவர். அவனை அச்சுறுத்துவது ஆபத்து. ஆனால் அவனை அழிப்பது பெரும்பாலும் அறியாமையே.

சொல்லி வைக்கப்பட்ட அச்சம் உயிர் காக்கும் என்பதற்கு ஒரு சான்று கூறுவாம். சுமத்திராவின் மேல்கரைக்கு அப்பால் சிமெலுவே என்னும் தீவு ஒன்று உளது. 1907-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அங்கு நிலம் நடுங்கிக் கடல் பொங்கிப் பலரை வாரிச் சென்றது. எஞ்சியவர் அவ்வச்சத்தைத் தம் நெஞ்சிற் பூட்டி வைத்தாரல்லர். அப்பேரலைக்குத் தம் மொழியிற் 'சுமோங்' என்று பெயரிட்டனர். நிலம் வலிதாக நடுங்கிக் கடல் நீர் பின்வாங்கக் கண்டால், பொருளைத் திரும்பிப் பாராது மேட்டு நிலம் நோக்கி ஓட வேண்டுமென்று மக்களுக்கும் பேரர்க்கும் கதையாகவும் பாட்டாகவும் ஓதி வந்தனர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தபின், 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், அத்தீவுக்கு மிக அணித்தே கடலடி நிலம் பிளந்தது. எச்சரிக்கும் கருவி ஒன்றும் அங்கு ஒலித்ததில்லை. எனினும், ஏறக்குறைய 78,000 மக்களுள் அலைக்கு இரையானவர் 7 பேரே. எதிரே சுமத்திராவின் ஆச்சே நாட்டிலோ ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரு கரையார்க்கும் இடையே இருந்த பெரும் வேற்றுமை, பாட்டன் கண்ட அச்சம் பேரன் செவிக்கு எட்டியமையும் எட்டாமையுமேயாம்.

அத்தீவினர் தம் சொந்த மண்ணில் இருந்தவராயிற்றே, வழிப்போக்கனுக்கு அது பயன்படுமோ என்று வினவலாம். அதே நாளில், தாய்லாந்து நாட்டைச் சேர்ந்த புகெட் தீவின் மாய்க்காவ் கடற்கரையில், டில்லி ஸ்மித் என்னும் ஆங்கிலச் சிறுமி தன் பெற்றோருடன் உலாவிக் கொண்டிருந்தாள். அவளுக்கு வயது 10. விடுமுறைக்கு வந்த அயல்நாட்டவள். கடல் நீர் வழக்கத்துக்கு மாறாக நுரைத்துக் கொப்புளித்ததைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன் தன் பள்ளியில் பூகோள ஆசிரியர் பேரலையின் அறிகுறிகளை விளக்கியது அவள் நினைவுக்கு வந்தது. உடனே கூவிப் பெற்றோரை எச்சரித்தாள். தந்தை காவலரிடம் அறிவித்தார். கரையில் இருந்த ஏறத்தாழ நூற்றுவர் அகற்றப்பட்டனர். அக்கரையில் ஒருவரும் மாளவில்லை. வேறொரு நாட்டார் பட்ட துன்பம் வகுப்பறையில் ஒரு பாடமாகி, மற்றொரு நாட்டிற் பலருடைய உயிரைக் காத்தது.

அன்று நம் கரையின் நிலை யாதாயிற்று? காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகின்றது. தமிழ் பயிலும் யாம் அதனைத் தேர்வுக்கென ஓதுகின்றோம். ஆயின், பேரலை வருமுன் தோன்றும் குறி இதுவென்றும், கண்டவுடன் செய்யத் தக்கது இதுவென்றும் அச்செய்தியோடு சேர்ந்து நம் கரையோர மக்களை வந்தடையவில்லை. நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோரை இழந்தோம். மாண்டவரைக் குறை கூறுதல் எம் கருத்தன்று. அழிவைக் கூறுதல் மட்டும் போதாது. அழிவின் அறிகுறியையும் கூறல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும்.

நிற்க, கூறாதொழிந்த அச்சத்தால் விளையும் கேட்டையும் நோக்குவாம். நியூசிலாந்து நாட்டின் அருகே ஃபகாரி என்னும் எரிமலைத் தீவு உளது. வெள்ளைத் தீவு என்பது அதன் மறு பெயர். 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் அம்மலை வெடித்தபோது 47 பேர் தீவில் இருந்தனர். அவருட் பலர் உல்லாசக் கப்பலில் வந்த அயல்நாட்டினர். 22 பேர் மாண்டனர். எஞ்சியவருட் பலர் கொடிய தீப்புண்ணுற்றனர். அம்மலையின் எச்சரிக்கை நிலை மூன்று வாரங்களுக்கு முன்னரே உயர்த்தப்பட்டிருந்தது. அதனைக் கற்றவர் அறிவர். கட்டணம் செலுத்திக் காட்சி காண வந்தவருட் சிலரோ அதனை உணராமலே சென்றனர். அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் இடையே ஒரு சொல் செல்லாமையால் வந்த கேடு எத்துணைப் பெரிது!

மலையும் கடலும் வஞ்சனை அறியா, மனிதர் அறிவர். 2022-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு இளைஞர் பலர், தாய்லாந்திற் கணினி வேலை, நல்ல ஊதியம் என்னும் விளம்பரங்களை நம்பிச் சுற்றுலா விசாவிற் புறப்பட்டனர். அவர் பாங்காக்கிலிருந்து எல்லையூராகிய மே சோத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஆறு கடத்தி மியான்மர் நாட்டு மியாவாடியில் அடைக்கப்பட்டனர். கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது, முன்பின் அறியாதவரைத் தொலைபேசி வாயிலாக ஏமாற்றிப் பொருள் பறிக்கும் தொழில் அவர்மேற் சுமத்தப்பட்டது, மறுத்தவர் அடியுண்டனர். 2022 அக்டோபரில் 13 தமிழ் இளைஞர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தடைந்தனர். 2025 மார்ச்சில் 549 இந்தியரை நம் அரசு விமானங்களில் மீட்டு வந்தது. மியான்மரில் மட்டும் 1,20,000 பேரேனும் இத்தொழிலில் வலிந்து ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023-இல் கணித்தது. அரசின் எச்சரிக்கை 2022-இலேயே வெளிவந்தும் இவ்வலை ஏன் அறவில்லை? காரணம் பல, அவற்றுள் ஒன்று நாணம். கடன் வாங்கிச் சென்றவன் வெறுங்கையுடன் மீண்டால் ஊரார் நகைப்பர் என அஞ்சி வாய் திறவான். அவன் வாய் மூடியிருக்குங்கால், அவனை அனுப்பிய முகவன் அடுத்த தெருவில் வேறொரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அதே இன்சொல்லைப் பேசிக் கொண்டிருக்கின்றான்.

சொல்வார்க்குக் கடமை உண்டெனின் கேட்பார்க்கும் உண்டு. அப்போஸ்தலர் நடபடிகளின் 27-ஆம் அதிகாரத்தை நம் வாசகர் அறிவர். காலம் கடந்தது, இனிக் கிரேத்தாத் தீவை விட்டுப் புறப்படின் சரக்குக்கும் கப்பலுக்கும் உயிருக்கும் சேதமுண்டு என்று கைதியாகச் சென்ற பவுல் எச்சரித்தார். நூற்றுக்கு அதிபதியோ மாலுமியின் சொல்லையும் கப்பல் எஜமானின் சொல்லையுமே நம்பினான். அதன் விளைவாக 276 பேர் பல நாள் புயலில் அலைப்புண்டு, கப்பலை இழந்து, மெலித்தாத் தீவிற் கரை சேர்ந்தனர். எச்சரிப்பவன் எளியவன் என்பதனாற் சொல் பொய்யாகி விடாது. அயல்நாட்டில் மீனவன் ஒருவன் 'இன்று இக்கடலில் இறங்காதே' எனின், நம் பட்டமும் பணமும் அவன் சொல்லை மறுக்கத் தக்க காரணங்கள் ஆகா.

அச்சக் கதைகளைக் கேட்கும் இளைஞர் பயணத்தையே வெறுத்து வீட்டிற் கிடப்பர் எனச் சிலர் தடை கூறுவர். மிகைபடக் கூறின் அவ்வாறாகலாம். ஊரைத் திகைக்க வைக்கத் தன் இடரைப் பெருக்கிக் கூறுபவன், மறைப்பவனைப் போலவே தீங்கு செய்கின்றான். யாம் வேண்டுவது உள்ளவாறு கூறுதலை. எங்கு, எந்நாளில் இடர் நேர்ந்தது, முன்னர்த் தோன்றிய குறி யாது, அதனைக் காணாது விட்டது ஏன், யார் கை கொடுத்தார் என்பனவற்றை உரைப்பின், கேட்பவன் அஞ்சி ஒடுங்கான், அறிந்து செல்வான். கை கொடுத்தவரைக் கூறுதல் சிறப்பாக வேண்டற்பாலது. மெலித்தாத் தீவார் மழையிலும் குளிரிலும் தீ மூட்டி அந்நியரை ஏற்றனர். அத்தகையோர் எந்நாட்டிலும் உளர் என்று அறிவதும் பயணிக்கு வேண்டிய அறிவே.

ஆதலின் பழைய மாணவப் பெரியோர்களை யாம் பணிந்து வேண்டுவது ஒன்று. நம் மலருக்கு நும் பயணத்தைக் குறித்து எழுதுங்கால், ஈபில் கோபுரத்தின் உயரத்தை எழுதுக. அதனடியிற் பணப்பையை இழந்து நின்ற மாலையையும் எழுதுக. இவ்வாண்டு புறப்படும் தோழர்களை வேண்டுவதும் ஒன்று. வேலைக்கு அனுப்பும் முகவர் அரசிடம் பதிவு பெற்றவர்தாமா என்று தேர்ந்து அறிக. கடவுச்சீட்டின் படி ஒன்றை வீட்டில் வைத்துச் செல்க. செல்லும் நாட்டில் நம் தூதரகம் எங்குளது என்பதை மனத்திற் கொள்க. எல்லாவற்றினும் மேலாக, முன் சென்றவரை நாடி, 'ஐயா, தாங்கள் அங்கே எதற்கு அஞ்சினீர்கள்?' என்று கேளுங்கள். வழியனுப்பு விழாவில் யாம் அணிவிக்கும் மாலை இரயில் ஏறுமுன் வாடிவிடும். அக்கேள்விக்குக் கிடைக்கும் விடையோ கடல் கடந்தும் உடன் வரும்.