திரையில் ஆடுபவருக்கு உங்களைத் தெரியாது!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எந்த ஆன்ட்டி வைரஸ் நல்லது? தமிழில் டைப் செய்வது எப்படி? பிரிண்டர் வாங்கலாமா? ஆறு மாதம் கழித்து அதே நண்பர்கள் கேட்கும் கேள்வி வேறு. "உட்கார்ந்தே இருந்து இடுப்பு வலிக்கிறது, எடையும் கூடிவிட்டது. என்ன செய்யலாம்?" சாஃப்ட்வேர் துறையில் நாள் முழுக்க நாற்காலியில் இருக்கும் என் போன்றவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த வலி.

நான் சொல்லும் பதில் இதுதான். உங்களை உட்கார வைத்த அதே கம்ப்யூட்டரால் உங்களை எழுப்பி ஆட வைக்கவும் முடியும். ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கான ஏரோபிக்ஸ் வீடியோக்கள் இன்டர்நெட்டில் இலவசமாகவே ஏராளமாகக் கிடைக்கின்றன.

ஆனால் இவற்றைத் தொடங்கும் பலர் நாலாவது நாளே நிறுத்திவிடுகிறார்கள். அதற்குச் சோம்பேறித்தனத்தைக் காரணமாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. திரையில் ஆடுபவரின் வேகத்துக்கு ஈடுகொடுத்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறோம். மூச்சு வாங்குகிறது, முட்டி வலிக்கிறது, "இது நமக்குச் சரிப்படாது" என்று முடிவு செய்துவிடுகிறோம். தவறு நம் உடம்பில் இல்லை. வீடியோவைப் பயன்படுத்தும் முறையில்தான் இருக்கிறது.

ஏரோபிக்ஸ் என்றால் என்ன?

பெயரைக் கேட்டதும் துள்ளிக் குதிக்கும் நடனம் என்று பயப்பட வேண்டாம். கை, கால்களின் பெரிய தசைகளைத் தொடர்ந்து இயக்கி, இதயத்தையும் நுரையீரலையும் சற்றே வேகமாக வேலை செய்ய வைக்கும் எந்தப் பயிற்சியும் ஏரோபிக்ஸ்தான். வேக நடையும் இதில் அடக்கம். அமெரிக்க விமானப்படையில் டாக்டராக இருந்த கென்னத் கூப்பர் 1968-ல் எழுதிய 'ஏரோபிக்ஸ்' என்ற புத்தகம்தான் இந்தச் சொல்லைப் பிரபலமாக்கியது. 1982-ல் நடிகை ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சி வீடியோ கேசட் வெளியாகி, அமெரிக்க வீடுகளின் ஹாலுக்கே பயிற்சியைக் கொண்டுவந்தது.

அன்று கேசட் வைத்துப் பயின்றவர்களுக்கு ஓர் அசைவு புரியவில்லை என்றால் டேப்பை ரீவைண்ட் செய்து, சரியான இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. கம்ப்யூட்டரில் எல்லாமே ஒரு கீயில் இருக்கிறது.

நீங்களே மாஸ்டர்

நேரில் சொல்லித் தரும் மாஸ்டர், உங்கள் முகம் சிவப்பதைப் பார்த்ததும் "கொஞ்சம் நில்லுங்கள்" என்பார். வீடியோவில் இருப்பவருக்கு உங்களைத் தெரியாது. எனவே அவர் சொல்லாத அந்த வார்த்தையை நீங்கள்தான் உங்களுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்கான கருவிதான் பாஸ் பட்டன். என்னைக் கேட்டால், உடற்பயிற்சி வீடியோவில் பிளே பட்டனைவிட இதுதான் முக்கியம்.

யூடியூபில் 'கே' கீயை அழுத்தினால் வீடியோ நிற்கும். 'ஜே' கீயை அழுத்தினால் 10 விநாடி பின்னால் போகும். செட்டிங்ஸில் உள்ள பிளேபேக் ஸ்பீடில் 0.75 என்று தேர்ந்தெடுத்தால் வேகம் முக்கால் பங்காகக் குறையும். பாட்டு சற்று இழுவையாகக் கேட்கும், பரவாயில்லை; கால் அசைவு தெளிவாகப் புரியும். வி.எல்.சி. பிளேயரில் நிறுத்துவதற்கு ஸ்பேஸ் பார். வேகத்தைக் குறைப்பதற்கு இடப்பக்கச் சதுர அடைப்புக்குறி கீ. உங்களிடம் வயர்லெஸ் மவுஸ் இருந்தால் கைக்கு எட்டும் ஸ்டூலில் வைத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் வீடியோ மேல் ஒரு கிளிக், உடனே நின்றுவிடும். எச்.டி.எம்.ஐ. கேபிள் மூலம் டிவியில் இணைத்துவிட்டால் தள்ளி நின்றும் பார்க்கலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

தேடும்போது 'பிகினர்', 'லோ இம்பாக்ட்' என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து டைப் செய்யுங்கள். லோ இம்பாக்ட் என்றால் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும், குதிப்பது கிடையாது. முட்டிக்கும் நல்லது, மாடி வீட்டில் இருப்பவர்களுக்குக் கீழ் வீட்டுக்காரரோடு சண்டையும் வராது. அமெரிக்கரான லெஸ்லி சான்சோனின் 'வாக் அட் ஹோம்' வீடியோக்கள் இதற்கு நல்ல உதாரணம். நின்ற இடத்திலேயே நடப்பது, பக்கவாட்டில் அடி வைப்பது, முட்டியைத் தூக்குவது, காலை உதைப்பது ஆகியவைதான் பாடம். ஒரு மைல் நடைக்கு ஏறத்தாழ 15 நிமிடம்.

ஒரு வீடியோவை முதல் நாள் உட்கார்ந்து முழுவதும் பாருங்கள். ஆடத் தொடங்கும் முன் மெதுவாக உடம்பைச் சூடேற்றும் பகுதியும், முடிவில் படிப்படியாகத் தணிக்கும் பகுதியும் இருக்கிறதா என்று கவனியுங்கள். இல்லாவிட்டால் அதை விட்டுவிடுங்கள். பிடித்த வீடியோ கிடைத்ததும் புக்மார்க் செய்து, இரண்டு வாரமாவது அதிலேயே இருங்கள். ஆட்டோபிளேயையும் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் அடுத்தடுத்து வீடியோ தேடுவதிலேயே பயிற்சி நேரம் கரைந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. 'இலவச வீடியோ டவுன்லோடர்' என்று வரும் விளம்பரங்களில் கிளிக் செய்யாதீர்கள். கொழுப்பு குறைகிறதோ இல்லையோ, கம்ப்யூட்டரில் வைரஸ் ஏறிவிடும். டேட்டாவை மிச்சப்படுத்த வேண்டும் என்றால் குவாலிட்டியை 480-க்குக் குறைத்தாலே போதும்.

எவ்வளவு செய்வது?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சி தேவை. இதைப் பார்த்து மலைக்க வேண்டாம். 2010-ல் வந்த வழிகாட்டுதல், ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றது. 2020-ல் அந்த நிபந்தனையே நீக்கப்பட்டது. காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் என்று தொடங்கினாலும் அது பயிற்சிதான்.

வேகம் சரியா என்று அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. ஆடும்போது உங்களால் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பேசவே முடியாமல் திணறினால் பாஸ் பட்டனை அழுத்துங்கள். திடீரென்று உட்காராமல், மூச்சு சீராகும்வரை நின்ற இடத்திலேயே மெல்ல நடங்கள். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் செல்லுங்கள். இதய நோய், ரத்த அழுத்தம், மூட்டுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். டைல்ஸ் தரையில் சாக்ஸ் மட்டும் அணிந்து ஆட வேண்டாம், வழுக்கிவிடும்.

ஜிம்முக்குப் போவதே சிறந்தது என்று சிலர் வாதிடலாம். தவறைத் திருத்த ஆள் இருப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் மாதக் கட்டணம் கட்ட முடியாதவர்கள், வீட்டு வேலைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும் என்பவர்கள், நாலு பேர் முன்னால் ஆடக் கூச்சப்படுகிறவர்கள் என்று பலர் இருக்கிறார்கள். ஜிம் அல்லது ஒன்றுமில்லை என்று சொன்னால் அவர்களுக்குக் கிடைப்பது அந்த 'ஒன்றுமில்லை'தான். அவர்களுக்காகத்தான் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பரிந்துரைக்கிறேன்.

லெட்டர் டைப் செய்யவும், பில் கட்டவும், படம் பார்க்கவும் என்று வாங்கிய கம்ப்யூட்டருக்கு இந்த வேலையையும் கொடுத்துப் பாருங்கள். திரையில் இருப்பவர் 40 நிமிடம் ஆடட்டும். உங்களுக்கு இன்று 8 நிமிடம்தான் முடிகிறது என்றால், அந்த 8 நிமிடத்தை நாளையும் செய்யுங்கள்.