ஆஸ்பத்திரி பில்லுக்கு வரம்பு கட்டு!

மாரடைப்பு வந்தவன் பேரம் பேச முடியாது. எந்த ஆஸ்பத்திரியில் மலிவு என்று விசாரிக்கவும் அவனுக்கு நேரமில்லை. படுக்கையில் கிடத்திய பிறகு சொல்வதுதான் விலை. வீட்டார் அடகுக் கடைக்கும் கந்துவட்டிக்காரனிடமும் ஓடுகிறார்கள். ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. என்று ஒன்றாவது உண்டு; வயல் கூலிக்கு அதுவும் இல்லை. காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பார்கள். அட்டையை ஏற்காத ஆஸ்பத்திரியின் வாசலில் அது வெறும் அட்டைதான்.

விலைக்கு வரம்பு கட்டினால் வைத்தியமே நின்றுபோகும் என்று தனியார் ஆஸ்பத்திரி முதலாளிகள் பயமுறுத்துகிறார்கள். இது பொய். லட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற, மருந்து பூசிய இருதய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் ரூ.29,600 என்று உச்ச விலை வைத்தது. எந்த ஆஸ்பத்திரி மூடிவிட்டது? 2020 ஜூனில் கொரோனா தீவிர சிகிச்சைக்கு நாளொன்றுக்கு ரூ.15,000க்கு மேல் வாங்கக் கூடாது என்று தமிழக சர்க்காரே உத்தரவிட்டது. அது நமக்குச் சிறு தொகை அல்ல. எனினும் மனமிருந்தால் சர்க்காரால் முடியும் என்பது தெரிந்தது.

ஆனால் ஒரு பொருளுக்கு மட்டும் வரம்பு கட்டினால் கொள்ளை வேறு வழியில் வரும். டில்லி வட்டாரத்தில் 4 பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களை மருந்து விலை ஆணையம் 2018ல் ஆராய்ந்தது. சில பொருள்களில் லாபம் 1,737 சதவிகிதம் வரை போயிருந்தது! தயாரித்த கம்பெனியைவிட, நோயாளிக்கு விற்ற ஆஸ்பத்திரியே அதிகம் சுருட்டியது. ஆகவே முழு பில்லுக்கும் வரம்பு வேண்டும்.

இதற்கு விதி இல்லாமலில்லை. மருத்துவ நிறுவனங்கள் பற்றிய 2010ம் ஆண்டு மத்திய சட்டத்தின் கீழ் 2012ல் வந்த விதிகள், சர்க்கார் நிர்ணயிக்கும் கட்டணத்துக்குள்தான் வசூலிக்க வேண்டும் என்கின்றன. 12 ஆண்டு கழித்து, 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் கேட்டபோதும் கட்டணம் நிர்ணயமாகியிருக்கவில்லை. மாநிலங்களுக்குக் கடிதம் எழுதினோம், பதில் வரவில்லை என்பதே மத்திய சர்க்காரின் சமாதானம். கடிதம் எழுதுவதற்கா ஒரு சர்க்கார்?

தமிழ்நாட்டில் தனிச் சட்டம். அது 1997ல் நிறைவேறியது; விதிகளோ 2018ல்தான் வந்தன. 21 ஆண்டு தூக்கம்! அந்தச் சட்டத்தைத் திருத்தி, பிரசவம் முதல் ஆபரேஷன் வரை ஒவ்வொன்றுக்கும் உச்ச கட்டணம் நிர்ணயிக்க வேண்டுமென்று கோருகிறோம். கட்டணப் பலகை தமிழில், வாசலில் தொங்க வேண்டும். முன்பணம் இல்லை என்று விபத்தில் அடிபட்டவனைத் திருப்பி அனுப்புவதும், பாக்கிக்காகப் பிணத்தைப் பிடித்து வைப்பதும் தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும். ஆலைச் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றி, அடுத்த சட்டசபைக் கூட்டத்துக்கு முன் அந்தந்தத் தொகுதி எம்.எல்.ஏ.விடம் நேரில் கொடுக்க வேண்டும்.