குதிரையின் காலுக்குக் கட்டுப் போட்டுத்தான் லோரியில் ஏற்ற வேண்டுமா?

மாணவர்களே, ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் செல்லும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில், தஞ்சோங் மாலிமைக் கடந்து போகும் வாகனங்களைக் கவனித்திருக்கிறீர்களா? செம்பனைக் குலை ஏற்றிய லோரி, கோழிக்கூண்டு லோரி, புரோட்டோன் தொழிற்சாலையிலிருந்து புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு வரும் நீண்ட லோரி. இவற்றுக்கு நடுவே எப்போதாவது, பக்கவாட்டில் சிறு சன்னல்கள் வைத்த உயரமான லோரி ஒன்று போகும். உள்ளே நிற்பவை பந்தயக் குதிரைகள்.

ஈப்போவில் பேராக் டர்ஃப் கிளப் இருக்கிறது. சுங்கை பீசியில் சிலாங்கூர் டர்ஃப் கிளப் இருக்கிறது. (இன்று பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் நிற்கும் இடம்தான் சிலாங்கூரின் பழைய பந்தயத் திடல்.) ஒரு திடலில் பயிற்சி பெறும் குதிரை, பந்தயத்திற்காக இன்னொரு திடலுக்குச் சாலை வழியாகவே போகிறது. முன்பு சிங்கப்பூர் கிராஞ்சி வரைக்கும் இந்தப் போக்குவரத்து இருந்தது. அங்கே 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் நடந்து முடிந்தது. ஈப்போவுக்கும் சுங்கை பீசிக்கும் இடையே சுமார் 200 கிலோமீட்டர். லோரிக்கு ஏறக்குறைய 3 மணி நேரப் பயணம்.

பல ஆண்டுகளுக்கு முன் இந்த நெடுஞ்சாலையின் ஓய்வுப் பகுதி ஒன்றில் அப்படியொரு லோரி நின்றதைப் பார்த்தேன். கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். ஒரு குதிரையின் பின்னங்காலில் சுற்றியிருந்த துணிக்கட்டு அவிழ்ந்து தரையில் நீண்டு கிடந்தது. குதிரை அதை இன்னொரு காலால் மிதித்துக்கொண்டு, கட்டிய காலை இழுத்து இழுத்து உதறியது. பராமரிப்பாளர் உள்ளே ஏறி அதை வெட்டி எடுப்பதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. அந்தக் கட்டைப் போட்டதே காலைக் காப்பாற்றத்தான். அன்று தொடங்கிய கேள்விதான் இது: பயணத்தில் குதிரையின் காலுக்குக் கட்டு தேவையா?

முதலில் அந்தக் காலைப் புரிந்துகொள்வோம். குதிரையின் முன்னங்காலில் நாம் 'முழங்கால்' என்று சொல்லும் மூட்டு, உண்மையில் நம் மணிக்கட்டுக்கு இணையானது. அதற்குக் கீழே உள்ள நீண்ட எலும்பு, நம் உள்ளங்கையில் நடுவிரலுக்கு நேராக இருக்கும் எலும்பு. குளம்பு என்பது நகம். அதாவது, ஏறக்குறைய 450 கிலோ எடையுள்ள ஒரு விலங்கு நான்கு நடுவிரல் நகங்களின் மேல் நிற்கிறது. அந்த எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்னங்கால்களுக்குப் போகிறது. 'முழங்காலுக்கு'க் கீழே சதை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. எலும்பு, தசைநாண்கள், எலும்புகளை இணைக்கும் நார்கள், மேலே தோல், அவ்வளவுதான். அடிபட்டால் தாங்கிக்கொள்ள மெத்தை இல்லை. பின்பக்கத் தசைநாண் ஒன்று கிழிந்தால் ஆறுவதற்கு ஓராண்டுகூட ஆகலாம். ஆறிய பிறகும் அதே இடத்தில் மறுபடியும் கிழியும் அபாயம் உண்டு. பல பந்தயக் குதிரைகளின் ஓட்டம் அத்தோடு முடிந்துவிடுகிறது.

ஆகவே கட்டுப் போடுபவர்களைக் குறை சொல்ல முடியாது. லோரி குலுங்கும்போது குதிரை காலை அகட்டி வைக்கும், தடுமாறும், லாடம் அடித்த ஒரு குளம்பால் தன் மற்றொரு காலையே மிதித்துக்கொள்ளும். சாய்தளத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் அடிபடும். பந்து விளையாடும் நீங்கள் காலுறைக்குள் தடுப்பு மட்டை வைப்பதில்லையா, அதே எண்ணம்தான்.

ஆனால் அந்த மட்டை கெட்டியானது, 90 நிமிடத்தில் கழற்றிவிடுவீர்கள், நழுவினால் நீங்களே சரிசெய்வீர்கள். குதிரையால் இவற்றில் எதையும் செய்ய முடியாது. இங்கேதான் இயற்பியல் நுழைகிறது.

மீள்தன்மையுள்ள ஒரு பட்டையை உருளையின் மேல் இழுத்துச் சுற்றினால், அது தரும் அழுத்தம் உருளையின் ஆரத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஆரம் சிறியதானால் அழுத்தம் பெரிது. பந்தயக் குதிரையின் கீழ்க்காலுக்குச் சுற்றளவு சுமார் 20 சென்டிமீட்டர். உங்கள் தொடை 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பட்டையை ஒரே இழுவையில் சுற்றினால், உங்கள் தொடையைவிடக் குதிரையின் காலில் இரண்டரை மடங்கு அழுத்தம் விழும். ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றும் ஒவ்வோர் அடுக்கும் அதைக் கூட்டும். இன்னொன்று: குதிரையின் கால் சரியான வட்டம் அல்ல. பின்விளிம்பு குறுகி வளைந்திருக்கிறது. வளைவு கூர்மையான இடத்தில்தான் அழுத்தம் அதிகம். தசைநாண் இருப்பதும் அதே பின்விளிம்பில். அடியில் தடித்த பஞ்சு மெத்தை வைத்துச் சுற்றத் தெரிந்தவர் இதைத் தவிர்ப்பார். ஏனெனில் பஞ்சு ஆரத்தைக் கூட்டுகிறது, அழுத்தத்தைப் பரப்புகிறது. அவசரத்தில் சுற்றுபவரின் கட்டு தசைநாணையே நசுக்கிக் காயப்படுத்தும்.

அடுத்தது வெப்பம். நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரையின் தசைநாண், உட்பகுதியில் 45 பாகை செல்சியஸ் வரை சூடேறுவதை 1990களில் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். லோரியில் நிற்கும் குதிரை ஓடவில்லை என்பதால் அந்த எண்ணை இங்கே அப்படியே கொண்டுவரக்கூடாது. ஆனாலும் நம் ஊர் நண்பகல் 32, 33 பாகை. ரவாங் பக்கம் நெரிசலில் லோரி நின்றுவிட்டால் உள்ளே காற்றோட்டமும் நின்றுவிடும். அப்போது நான்கு கால்களையும் பஞ்சால் மூடி வைப்பது, வெப்பம் வெளியேறும் வழியை அடைப்பதுதான். குளிர் நாட்டுக் கையேட்டில் படித்த பழக்கத்தை நாம் யோசிக்காமல் எடுத்துக்கொண்டோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

சரி, குதிரை ஏன் தடுமாறுகிறது? படிவம் 4 இயற்பியல் போதும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 20 மீட்டர். ஓட்டுநர் அதை 4 வினாடியில் நிறுத்தினால் வேகத் தணிவு 5. அதை 450 கிலோவால் பெருக்கினால் 2,250 நியூட்டன். குதிரையின் எடையில் பாதி விசை, முன்னால் தள்ளுவது போல அதற்குத் தோன்றும். வழுக்காமல் நிற்க, குளம்புக்கும் தரைக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.5ஆவது இருக்க வேண்டும். சிறுநீரும் சாணமும் நனைத்த தரையில் அது கிடைக்குமா? அதே லோரியை 20 வினாடியில் மெல்ல நிறுத்தினால் 450 நியூட்டன்தான், 0.1 உராய்வு போதும். குதிரை காலைக்கூட மாற்றி வைக்காது. பிரேக்கை மிதிக்கும் ஓட்டுநரின் கால், குதிரையின் நான்கு கட்டுகளைவிடப் பெரிய பாதுகாப்பு. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள்; கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

'அப்படியானால் கட்டுப் போட்ட குதிரைகளையும் போடாத குதிரைகளையும் எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடுமே' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி, ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. கட்டுப் போட்டவற்றுக்குத்தான் காயம் அதிகம் என்று ஒரு கணக்கு காட்டுவதாகக் கற்பனை செய்யுங்கள். கட்டுதான் காரணமா? உங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டியில் முழங்கால் உறை அணிந்து ஓடுபவர்களைப் பாருங்கள். அவர்களில் பலருக்கு முழங்கால் வலி இருக்கும். உறையா வலியைக் கொடுத்தது? வலி இருப்பதால் உறை போட்டிருக்கிறார்கள். குதிரைகளிலும் முரண்டு பிடிப்பது, பயந்து உதைப்பது, முன்பே அடிபட்டது ஆகியவற்றுக்குத்தான் முதலில் கட்டுப் போடுவார்கள். நியாயமாக ஒப்பிட வேண்டுமென்றால், ஒரே குணமுள்ள குதிரைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரே லோரியில், ஒரே சாலையில் அனுப்பிப் பார்க்க வேண்டும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பயணத்துக்குப் பழகிய, அமைதியாக நிற்கும் குதிரையை ஈப்போவிலிருந்து சுங்கை பீசிக்கு வெறுங்காலுடனே அனுப்பலாம். தன் குளம்பைத் தானே மிதிக்கும் பழக்கம் இருந்தால், குளம்பும் தோலும் சேரும் விளிம்பைச் சுற்றி மணி வடிவ ரப்பர் உறை போதும். முதன்முறை லோரி ஏறும் இளங்குதிரைக்கும் பயந்த குதிரைக்கும் கால் காப்பு வேண்டும். ஆனால் சுற்றும் துணி வேண்டாம்; அளவெடுத்துச் செய்த, ஒட்டுப்பட்டை வைத்த காப்பு போதும். அதையும் பயணத்துக்குப் பல நாள் முன்பே தொழுவத்தில் மாட்டி நடக்கவிட வேண்டும். பழகாத குதிரை காலில் ஏதோ பிடித்துக்கொண்டதென்று உதைக்கத் தொடங்கும், வராத காயத்தை அந்தக் காப்பே வரவழைக்கும். மிச்சமாகும் பணத்தை வழுக்காத ரப்பர் தரைக்கும், அகலமான தடுப்புக்கும் செலவிடலாம். தடுப்பு நெருக்கமாக இருந்தால் குதிரையால் காலை அகட்டி ஊன்ற முடியாது. தலையை இறுக்கிக் கட்டாமல் தாழ்த்த விடுவதும் முக்கியம். நெடுநேரம் தலையை உயர்த்தியே நின்றால், மூச்சுக்குழாயில் சேரும் கிருமிகளை இருமி வெளியேற்ற முடியாமல் நுரையீரல் நோய் வரும். காலில் படும் கீறலைவிட அது ஆபத்தானது.

தொழுவங்களில் குதிரையைப் பார்த்துக்கொள்பவரைச் 'சைஸ்' என்பார்கள். நம்மவர்கள் பலர் அந்த வேலையில் இருந்திருக்கிறார்கள். குதிரை லோரியிலிருந்து இறங்கியதும் அனுபவமுள்ள சைஸ் முதலில் செய்வது ஒன்றுதான். குனிந்து, நான்கு கால்களையும் மேலிருந்து கீழே உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். ஓரிடத்தில் சூடு தெரிந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். வெறுங்காலில் இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கட்டுப் போட்ட காலில், அவிழ்த்துவிட்டுப் பஞ்சின் சூடு தணியும்வரை அவர் காத்திருக்க வேண்டும்.