உழைத்த கூலிக்கு ஓராண்டுதானா?

வேலையை விட்டு நின்றவன் சம்பளப் பாக்கியைக் கேட்டால், “தை பிறக்கட்டும், பார்ப்போம்” என்கிறார் பழைய முதலாளி. அச்சொல்லை நம்பிக் காத்திருத்தல் ஆபத்து. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, தொழிலாளர் கூலிக்கு ஓராண்டுக்குள் வழக்கிடாவிடின் அது காலாவதியாகும். பிராமிசரி நோட்டுக்கோ ஆறாண்டு! வட்டிக்காரனின் பணத்திலும் உழைத்தவனின் பணம் மட்டமோ?

வாய்வாக்குறுதி காலாவதியைத் தடுக்காது; பாக்கியை ஏற்று முதலாளி கையொப்பமிட்ட எழுத்தே வேண்டும். அதைக் கேட்டு வாங்குக. மறுப்பாராயின் ஆண்டு முடியுமுன் வழக்கிடுக. கடை, காரியாலய ஊழியர் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தொழிற் திணைக்களத்திலும் முறையிடலாம்.

அறுவடை முடிந்தும் கூலியை இழுத்தடிக்கும் கமக்காரர் நம்மவரிலும் உளர். அவர்களுக்கும் இச்சட்டம் வசதியே. இவ்வோராண்டு விதியை மாற்றும் திருத்தத்தை நம் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் கொணர்தல் வேண்டும்.