‘இந்த ஆண்டே’ என்று வாக்களிக்கப்படவில்லை

கையேந்திக் கேட்பது எளிது. கேட்டபின் காத்திருப்பதே கடினம். அத்தகைய காத்திருப்பு இல்லாத வீடு நம்மிடையே அரிது. திருமணமாகிப் பல ஆண்டுகள் கடந்தும் குழந்தை பாக்கியத்திற்காகத் தஹஜ்ஜுதில் அழும் பெண், நல்ல சம்பந்தம் அமையாத மகளை எண்ணி உறக்கமிழந்த தாய், கடன் அடையும் நாளை எண்ணியபடி வளைகுடாவில் உழைக்கும் மகன், நோயுற்ற மனைவியின் அருகே அமர்ந்து துஆச் செய்யும் முதியவர் என ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒரே கேள்விதான் எழுகிறது: ‘யா அல்லாஹ், இன்னும் எவ்வளவு காலம்?’

இக்கேள்வி எழுவதே ஈமானின் குறைபாடு என்று கருதுவோர் உண்டு. ஹுதைபிய்யாவின் வரலாற்றை நினைவில் கொண்டோர் அவ்வாறு கருத மாட்டார்கள்.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு, துல்கஅதா மாதம். மஸ்ஜிதுல் ஹராமில் நுழைவதாக நபி (ஸல்) அவர்கள் கனவு கண்டிருந்தார்கள். நபிமார்களின் கனவு வஹீயின் ஒரு வகை. ஆகவே ஏறத்தாழ 1,400 தோழர்கள் இஹ்ராம் அணிந்து, குர்பானிப் பிராணிகளுடன் உம்ராவுக்குப் புறப்பட்டனர். கஅபாவைப் பிரிந்து ஆறு ஆண்டுகளாக ஏங்கிய முஹாஜிர்கள் அவர்களிடையே இருந்தனர். ஆனால் மக்காவின் வாசல் வரை வந்தவர்களைக் குறைஷிகள் தடுத்தனர். அவ்வாண்டு திரும்பிச் சென்றுவிட வேண்டும். மறு ஆண்டு வரலாம் என்று உடன்படிக்கை எழுதப்பட்டது. உடன்படிக்கை முடிவாகும் முன்பே, குறைஷிகளின் தூதரான ஸுஹைலின் மகன் அபூஜந்தல் (ரலி) விலங்கிட்ட கால்களுடன் முஸ்லிம்களிடம் தஞ்சம் தேடி வந்தார். அவரையும் திருப்பி அனுப்ப நேர்ந்தது.

உள்ளம் கொதித்த உமர் (ரலி) அவர்கள் நபியவர்களிடம் நேரடியாகவே கேட்டார்கள்: நாம் கஅபாவுக்குச் சென்று தவாஃப் செய்வோம் என்று தாங்கள் கூறவில்லையா? கூறியது உண்மையே என்று ஒப்புக்கொண்ட நபியவர்கள், ‘இந்த ஆண்டே’ என்று கூறினேனா என்று திருப்பிக் கேட்டார்கள். இல்லை என்றார்கள் உமர். நிச்சயம் நீர் அங்கு சென்று தவாஃப் செய்வீர் என்று நபியவர்கள் உறுதியளித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் இந்த உரையாடலில் நம் காத்திருப்புக்கான பாடம் அடங்கியுள்ளது. வாக்கு அல்லாஹ்வுடையது, அதற்கு ஆண்டும் மாதமும் குறித்துக்கொண்டது நம் உள்ளம். நாம் குறித்த நாள் கடந்துபோனால் வாக்கே கடந்துபோய்விட்டதாக எண்ணி உடைந்துபோகிறோம்.

அந்தத் தாமதம் ஏன் என்பதை அல்லாஹ்வே பின்னர் வெளிப்படுத்தினான். அல்ஃபத்ஹ் அத்தியாயத்தின் 25ஆம் வசனத்தைப் பொருளுணர்ந்து ஓதிப் பாருங்கள். ஈமானை மறைத்து வாழ்ந்த ஆண்களும் பெண்களும் அன்று மக்காவிற்குள் இருந்தனர். வெளியே நின்ற படையினருக்கு அவர்கள் யாரென்று தெரியாது. அன்று போர் மூண்டிருந்தால் தம் சகோதரர்களையே அறியாமல் மிதித்து அழித்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத சில உயிர்களுக்காக 1,400 பேரின் ஆசை ஒத்திவைக்கப்பட்டது. 27ஆம் வசனமோ, கனவு உண்மையே என்று உறுதிப்படுத்திவிட்டு, நீங்கள் அறியாததை அல்லாஹ் அறிந்திருந்தான் என்ற கருத்தை உணர்த்துகிறது.

மறு ஆண்டு அவர்கள் உம்ரா செய்தார்கள். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ரமளானில், இரண்டாண்டுகள் நிறைவதற்குள்ளாகவே, 10,000 பேருடன் நபியவர்கள் மக்காவில் நுழைந்தார்கள். அபூஜந்தலும் பிறகு தப்பிச் சென்று அபூபஸீர் (ரலி) அவர்களுடன் சேர்ந்துகொண்டார். தப்பி வருவோரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கிவிடுமாறு குறைஷிகளே வேண்டிக்கொள்ளும் நிலை வந்தது.

இங்கே ஒன்றை நாம் கவனமாகப் பிரித்தறிய வேண்டும். ஹுதைபிய்யாவின் காரணத்தை வஹீ அறிவித்தது. நம் வீட்டுத் தாமதங்களுக்குக் காரணம் கூற வஹீ இறங்குவதில்லை. ஆகவே இன்னொருவரின் துஆ ஏன் தாமதமாகிறது என்று விளக்கும் தகுதி நம்மில் எவருக்கும் இல்லை. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? திருமண விருந்துகளில் குழந்தையில்லாப் பெண்ணைச் சூழ்ந்துகொண்டு, “ஏதாவது விசேஷம் உண்டா?” என்று கேட்கிறோம். இல்லையென்றால், தொழுகையில் குறை இருக்கலாம், ஏதோ பாவம் தடுக்கலாம் என்று தீர்ப்பளிக்கிறோம். ஸகரிய்யா (அலை) அவர்கள் எலும்புகள் பலவீனமுற்று, தலை நரைத்த பிறகும் பிள்ளைக்காக இறைஞ்சியதை மர்யம் அத்தியாயம் கூறுகிறது. அந்த நபியின் தொழுகையில் குறை இருந்தது என்று சொல்லத் துணிவோமா?

ஹலாலான உணவும் தூய்மையான சம்பாத்தியமும் துஆவுக்கு அவசியம் என்பது உண்மையே. அது ஒவ்வொருவரும் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் அளவுகோல். அடுத்தவர் மீது எறியும் கல்லன்று.

இதனினும் கவலைக்குரியது மற்றொன்று. நாம் உண்டாக்கும் தாமதங்களை அல்லாஹ்வின் பெயரில் எழுதிவிடுகிறோம். மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டிய மார்க்கத்தில், கைக்கூலியும் நகையும் பேசி நிக்காஹைத் தள்ளிப்போடுவது நாமே. பிறகு அந்தப் பெண்ணிடம், “அல்லாஹ் நாடிய நேரத்தில் நடக்கும், ஸப்ரு செய் மகளே” என்று அறிவுரை கூறுவதும் நாமே. அவள் ஸப்ரு செய்வாள். அவளுடைய கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது. ஆனால் அவளைக் காக்க வைத்தவர்களிடமும் மறுமையில் கேள்வி இருக்கிறது. அல்லாஹ்வின் விதியை நம்புவது, மனிதர்களின் அநீதிக்குத் திரை போடுவதாக ஆகிவிடக் கூடாது. ஒருவருடைய துஆவுக்கான விடை நம் கையில் இருக்கும்போது அதைக் கொடுக்காமல் வைத்திருப்பது தவக்குல் அன்று.

ஸப்ரு என்பது அழாமல் இருப்பதும் அன்று. மகன் யூஸுஃபைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின. ஆயினும் தம் துயரத்தை அவர்கள் முறையிட்டது அல்லாஹ்விடமே. அதே வேளையில் தம் பிள்ளைகளிடம், போய்த் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று கூறி அனுப்பினார்கள். கண்ணீர், துஆ, தேடல் ஆகிய மூன்றும் ஒரே உள்ளத்தில் ஒன்றாக இருந்தன. ஆகவே மருத்துவரிடம் செல்வதும், வேலைக்கு மீண்டும் விண்ணப்பிப்பதும், சமாதானத்திற்கு ஆள் அனுப்புவதும் துஆவுக்கு எதிரானவை அல்ல; அதன் துணைகள்.

அவசரப்படாதவரை அடியானின் துஆ ஏற்கப்படும் என்று நபியவர்கள் கூறியதைப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். அவசரம் என்பதன் பொருளையும் நபியவர்களே விளக்கினார்கள்: கேட்டேன், கிடைக்கவில்லை என்று சலிப்புற்றுக் கூறுவதே அது. பாவமோ, உறவை முறிப்பதோ இல்லாத துஆவுக்கு மூன்றில் ஒன்று உண்டு என்பது அஹ்மதில் வரும் மற்றொரு ஹதீஸின் கருத்து: கேட்டது விரைவில் வழங்கப்படும், அல்லது மறுமைக்காகச் சேமிக்கப்படும், அல்லது அதற்கு நிகரான ஒரு தீங்கு அகற்றப்படும். இதைக் கேட்ட தோழர்கள் சோர்ந்துவிடவில்லை. அப்படியானால் நாங்கள் நிறையவே கேட்போம் என்றார்கள். அல்லாஹ்வின் அருள் அதைவிடவும் நிறைந்தது என்று நபியவர்கள் பதிலளித்தார்கள்.

எனவே காத்திருக்கும் சகோதரிக்கும் சகோதரருக்கும் கூற வேண்டியது ஒன்றே: கையைத் தாழ்த்திவிடாதீர்கள். அவர்களைச் சூழ்ந்திருக்கும் நமக்கும் கூற வேண்டியது ஒன்று உண்டு: கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, அவர்கள் பெயரைச் சொல்லி நம் ஸுஜூதில் கேட்போம். மறைவில் பிறருக்காகக் கேட்கும் துஆவுக்கு மலக்கு ஆமீன் கூறுகிறார் என்பது நபிமொழி.

தரும்போது நன்றியையும், தாமதிக்கும்போது நல்லெண்ணத்தையும் நம் உள்ளங்களில் அல்லாஹ் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.