மூணு சக்கரம்னா அத்தனை இளக்காரமா?

போன ஞாயித்துக்கிழமை என் அக்கா மகன் தோட்டத்துக்கு வந்திருந்தானுங்க. பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. பெரிய ஜீப் ஒண்ணு வெச்சிருக்கான். லீவு கெடைச்சா நாலு சிநேகிதர்களைச் சேத்துக்கிட்டு சேத்துலயும் பாறையிலயும் வண்டியை இறக்கி ஏத்தற விளையாட்டு. அதுக்கு ஆஃப்ரோடுன்னு பேராம். மாட்டுச்சாளைக்குப் பக்கத்துல நிக்கற என் டெம்போவைச் சுத்திச் சுத்தி வந்து பாத்தான். போட்டோ எடுத்தான். அப்புறம் கேட்டான்: "ஏன் மாமா, இந்த ஓட்டை வண்டிக்கு ஒரு லட்சம் செலவு பண்ணுனீங்களாமா? அம்மா சொல்லுச்சு. பேசாம எடைக்குப் போட்டிருக்கலாமல்ல?"

எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. "கண்ணு, நீ லீவு நாள்ல காசு செலவு பண்ணித் தேடிப் போறியே ரோடு இல்லாத தடம், அது எனக்குத் தெனமும் காய் மூட்டை கொண்டுபோற இட்டேரி. உனக்கு அது விளையாட்டு. எனக்கு அதான் பொழப்பு"ன்னு சொன்னேன். அவன் சிரிச்சுக்கிட்டே போயிட்டான். எனக்கு மனசு ஆறலை. அதான் எழுதறேன். பட்டணத்துல இருந்து இதைப் படிக்கறவங்களுக்கும் சேத்துத்தான் இந்த நாயம்.

முதல்ல வண்டியைப் பத்திச் சொல்லிர்றேன். டெம்போங்கறது இப்ப எந்தச் சின்ன லோடு வண்டிக்கும் பொதுப்பேராப் போச்சு. நெசத்துல அது ஒரு வண்டியோட சொந்தப் பேரு. ஜெர்மனியில ஹாம்பர்க் ஊர்ல விடால் அண்ட் சோன்னு ஒரு கம்பெனி செஞ்ச வண்டிக்கு டெம்போன்னு பேரு. அவங்க கூட்டோட 1958ல நம்ம நாட்டுல பஜாஜ் டெம்போ கம்பெனி ஆரம்பிச்சு, முதல்ல போட்டது ஹான்சியட்ங்கற மூணு சக்கர வண்டி. முன்னால ஒத்தைச் சக்கரம், அதுக்கு மேலேயே எஞ்சின், பின்னால ரெண்டு சக்கரமும் லோடு பெட்டியும். மூஞ்சி நீட்டிக்கிட்டு பன்னியாட்டம் இருக்குதுன்னு பசங்க கேலி பண்ணுவாங்க. 2005ல அந்தக் கம்பெனியே ஃபோர்ஸ் மோட்டார்ஸ்னு பேரை மாத்திக்கிச்சு. ஆனா ஊர் சனங்க வாயில இன்னும் டெம்போதான்.

எங்க தோட்டம் பீளமேட்டுக்குக் கிழக்கே, மூணு ஏக்கரா. இன்னிக்குப் பீளமேடுன்னா உங்களுக்கு ஏர்போர்ட்டும் காலேஜும் ஐ.டி. கட்டடமும்தான் ஞாபகம் வரும். 1930கள்ல பைக்காரா கரண்டு வந்தப்புறம் ஊரே மில்லும் பவுண்டரியும் பம்புசெட்டுமா ஆச்சு. மில்லுல சங்கு ஊதுறதை வெச்சுத்தான் எங்க அம்மா அடுப்புப் பத்த வெக்கும். அந்த மில்லு நூலையும், பவுண்டரியில ஊத்துன வார்ப்படத்தையும், எங்க தக்காளியையும் தூக்கிச் சுமந்தது இந்த மாதிரி வண்டிகதான். லாரி நுழையாத சந்துல இது நுழையும். மாட்டு வண்டி அரைநாள்ல போற தூரத்தை ஒரு மணி நேரத்துல போயிரும்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால பீளமேட்டுல ஒரு பழைய வீட்டை இடிக்கறாங்கன்னு, நிலவு கதவு ஏதாச்சும் கெடைக்குமான்னு பாக்கப் போனேன். பொடக்காலியில கோவைக்கொடி மூடிக் கெடந்துச்சு இந்த டெம்போ. 1973ல பதிஞ்ச வண்டி. கிழிஞ்ச ஆர்.சி. புக் கூட இருந்துச்சு. அந்த வீட்டு அம்மா, எழுபத்தஞ்சு வயசு இருக்கும், சொல்லுச்சு: "எங்க ஊட்டுக்காரரு மில்லுக்கு நூலு ஓட்டுன வண்டிங்க. இதுலதான் மூணு புள்ளைகளையும் படிக்க வெச்சாரு. எடைக்குப் போடறதுக்கு மனசு வல்லீங்க." பதினெட்டாயிரம் குடுத்து வாங்கினேன். டிராக்டர் டிரெய்லர்ல ஏத்திக்கிட்டு வந்தேன்.

இறக்கிப் பாத்தப்பத்தான் லட்சணம் தெரிஞ்சுது. எஞ்சின் பிடிச்சுக் கெடந்துச்சு, கையில சுத்துனா அசையலை. ரேடியேட்டர்ல கொளவி கூடு. லோடு பெட்டிப் பலகையைக் கரையான் தின்னு, விரலை வெச்சா மாவாக் கொட்டுது. சேசிஸ்ல ரெண்டு எடத்துல துரு ஏறி ஓட்டை. பிரேக்குன்னு ஒரு பெடல் மட்டும் இருந்துச்சு, அதுக்குக் கீழ ஒண்ணுமில்லை.

டீசலையும் ஆயிலையும் கலந்து சிலிண்டருக்குள்ள ஊத்தி ஒரு வாரம் ஊற வெச்சோம். அப்புறம் மரக்கட்டை வெச்சுத் தட்டித் தட்டி பிஸ்டனைக் கழட்டினோம். இது டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர். புது பிஸ்டன் எங்க போறது? பீளமேட்டுல ஒரு லேத் பட்டறைக்காரர், என்னை விடப் பத்து வயசு மூத்தவர், சிலிண்டரைக் கையில வாங்கி உள்ள விரலை விட்டுத் தடவிப் பாத்தார். "ஸ்லீவ் எறக்கிரலாம். வேற வண்டி பிஸ்டனை இதுக்குத் தோதாத் தேடிக்கலாம்"னார். மூணு மாசம் ஆச்சு, தேடிட்டார். முன்சக்கரத்துக்குப் போற செயின் பல்சக்கரம் தேஞ்சு வாள் பல்லாட்டம் இருந்துச்சு. கணபதியில ஒரு பட்டறையில அதே அளவுல புதுசா வெட்டிக் குடுத்தாங்க. கமான் பட்டையில ரெண்டு இலை ஒடிஞ்சிருந்துச்சு, பழைய லாரிப் பட்டையை வெட்டிக் காய்ச்சி அடிச்சோம். பலகைக்கு எங்க தோட்டத்து வேப்பமரம். பிரேக் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாம எல்லாமே புதுசு. பதினோரு மாசம். வண்டி வெலை இல்லாம எண்பத்தாறாயிரம் ஆச்சு. என் மருமகன் சொன்ன ஒரு லட்சம் அதுதான்.

அந்த எண்பத்தாறாயிரமும் எங்க போச்சு தெரியுங்களா? லேத்துக்காரருக்கு, வெல்டருக்கு, டிங்கருக்கு, ஆசாரிக்கு, காயலாங்கடைக்காரருக்கு. எல்லாம் பத்துப் பன்னெண்டு கிலோமீட்டருக்குள்ள இருக்கற ஆளுக. புது மினி லாரி வாங்கியிருந்தா நாலஞ்சு லட்சம் கடன். மூணு ஏக்கராக்காரன் வருசம் பூரா பேங்குக்குத்தான் தவணை கட்டோணும். தக்காளி கிலோ அஞ்சு ரூபாய்க்கு வித்தாலும் தவணை கொறையாதுங்க.

இப்ப விசயத்துக்கு வர்றேன். வண்டி ஓட ஆரம்பிச்சதும், பேப்பரைச் சரி பண்ணலாம்னு வண்டிப் பதிவு பாக்கற ஒரு ஆபீசுக்குப் போனேன். அங்க இருந்தவரு ஆர்.சி. புக்கை ஒரு புரட்டுப் புரட்டிட்டு, "பெரியவரே, இதை ஸ்கிராப்புக்குப் போடுங்க"ன்னார். வண்டியை ஒரு தரம் வெளிய வந்து பாருங்கன்னு கேட்டேன். எந்திரிக்கவே இல்லை. அம்பது வருசத்து வண்டிகளுக்குத் தனிச் சட்டம் இருக்குதாமேன்னு கேட்டேன். "அது உங்க வண்டிக்கு வராது"ன்னு மட்டும் சொன்னார்.

ஏன் வராதுன்னு வீட்டுக்கு வந்து மகளை விட்டுத் தேடச் சொன்னேன். 2021 ஜூலையில மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குன்னு ஒரு விதி கொண்டாந்திருக்குது. அம்பது வருசம் தாண்டியிருக்கோணும், பழைய உருவம் மாறாம இருக்கோணும், சொந்த உபயோகத்து வண்டியா இருக்கோணும். புதுசாப் பதியறதுக்கு 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000. நம்பர்ல வி.ஏ.ன்னு ரெண்டு எழுத்து வரும். கண்காட்சிக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம், தெனமும் ஓட்டக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. எல்லாஞ் செரி. ஆனா அந்த விதி எந்த வண்டிக்குன்னு பாருங்க. ரெண்டு சக்கரத்துக்கும், ஆள் ஏறிப் போற நாலு சக்கரத்துக்கும் மட்டும்! மூணு சக்கரம் இல்லை. சரக்கு வண்டி இல்லை.

இதுக்கு என்னங்க அர்த்தம்? மில்லு முதலாளி ஏறிப் போன கார் இந்த நாட்டோட பாரம்பரியம். அதே மில்லோட நூலைச் சுமந்த டெம்போ பழைய இரும்பு. ரெண்டுக்கும் ஒரே வயசு. ரெண்டும் ஒரே கேட்டுல நுழைஞ்ச வண்டி. ஒண்ணுக்கு மாலை, இன்னொண்ணுக்குச் சம்மட்டி. ஒழைச்ச பொருளுக்கு வரலாறு இல்லைங்கறது யாரு எழுதின கணக்கு?

பழைய உருவம் மாறக் கூடாதுங்கறதும் அப்படித்தான். ஷெட்டுல துணி போத்தி நிறுத்தற காருக்கு உருவம் மாறாது. நூலும் வாழைத்தாரும் ஏத்துன வண்டியில ஒட்டு இல்லாம எப்படி இருக்கும்? பாடுபட்டவன் கையில காப்புக் காய்க்கத்தான் செய்யும்.

விண்டேஜ்ல சேராட்டி சாதாரணப் பழைய வண்டியா வெச்சுக்கலாம்னா, அங்கயும் அடிதான். 2025 ஆகஸ்ட்ல இருந்து இருபது வருசம் தாண்டுன மூணு சக்கர வண்டிக்குப் பதிவு புதுப்பிக்கவே 5,000 ரூபாய். தகுதிச் சோதனைச் செலவு தனி. வண்டி நல்லா இருக்குதா, பிரேக் பிடிக்குதான்னு கேக்கறதுக்கு முன்னாலயே வயசைச் சொல்லி அபராதம் போடறாப்புல இருக்குதுங்க.

எதிர்ப்பேச்சு என்ன வரும்னு எனக்குத் தெரியும். புகை. ஆமாங்க, டூ ஸ்ட்ரோக் வண்டி புகையத்தான் செய்யும், நான் மறைக்கலை. இதை ஊருக்குள்ள நாள் பூரா ஆட்டோவாட்டம் ஓட்டறேன்னு நான் கேக்கலை. தோட்டத்துல இருந்து சிங்காநல்லூர் உழவர் சந்தைக்கு வாரத்துல ரெண்டு நடை, அவ்வளவுதான். புது வண்டி ஒண்ணு செய்யறதுக்கு இரும்பு உருக்கறதுல புகை வராதுங்களா? அது உங்க ஜன்னலுக்கு வெளிய வராததுனால கணக்குல சேர மாட்டேங்குது.

அடுத்தது, மூணு சக்கரம் கவுந்துரும்னு சொல்வாங்க. அதுவும் நெசந்தான். 1970ல ஹோண்டா கம்பெனி அமெரிக்காவுல மூணு சக்கர ஆஃப்ரோடு வண்டி விட்டுச்சு. அது மாதிரி வண்டிகள்ல கவுந்து நெறையப் பேர் செத்தாங்க, பாதிப்பேர் சின்னப் பசங்க. 1988ல புதுசா விக்கறதையே நிறுத்திட்டாங்க. நிறுத்துனது நல்லதுதான். அது பசங்க பறக்க விட்ட விளையாட்டு வண்டி. என்னுது இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாத சுமை வண்டி. திருப்பத்துல வேகம் கொறைக்கோணும், மூட்டையைத் தாழ்வா, அச்சுக்கு நேரா அடுக்கோணும். ஏத்தத்துல பாரம் பின்னால சாஞ்சு முன்சக்கரம் வழுக்கும். அப்ப வண்டியைத் திருப்பி ரிவர்ஸ்ல ஏத்தினா பாரம் முன்சக்கரத்து மேல விழுந்து பிடிச்சுக்கும். மண்ணையும் வண்டியையும் தெரிஞ்சவனுக்கு இதெல்லாம் கைப்பாடம். தெரியாதவன் நாலு சக்கரத்தையும் கவுத்துவான். என் மருமகனைக் கேளுங்க, ஒருக்கா கவுத்தியிருக்கான்!

மூணு சக்கரம்னு மூஞ்சி சுளிக்கறவங்களுக்கு இன்னொண்ணு. 1886ல கார்ல் பென்ஸ் உரிமை வாங்குன மோட்டார் கார் இருக்குதே, உலகத்துக்கே முதல் கார்னு சொல்றது, அதுக்கும் மூணு சக்கரந்தான். ரெண்டு வருசங் கழிச்சு அவரு சம்சாரம் பெர்த்தா ரெண்டு பசங்களைக் கூட்டிக்கிட்டு, புருசனுக்குச் சொல்லாம, மான்ஹைம்ல இருந்து ஃபோர்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கிட்டுப் போச்சு. பெட்ரோல் குழாய் அடைச்சப்ப தொப்பி ஊசியில குத்தி எடுத்துச்சு. பிரேக் தேஞ்சப்ப வழியில செருப்புத் தைக்கறவர்கிட்டத் தோல் வெச்சுத் தெச்சுக்கிச்சு. கார் பொறந்தப்பவே ரிப்பேரும் கூடப் பொறந்துச்சுன்னு வெச்சுக்கோங்க. நம்ம ஜி.டி. நாயுடுவும் வெள்ளைக்காரன்கிட்ட வாங்குன மோட்டார் சைக்கிளைக் கழட்டி மாட்டித்தான் தொழில் கத்துக்கிட்டாரு. கழட்டத் தெரிஞ்ச ஊருங்கறதுனாலதான் கோயமுத்தூர் பம்பும் மோட்டாரும் செஞ்சுது. இன்னிக்கு எதையும் கழட்டாதே, தூக்கிப் போடுன்னு சொல்லிக் குடுத்தா, நாளைக்கு அந்த லேத்துக்காரருக்கு அப்புறம் விரலை விட்டுத் தடவிப் பாக்க யாரு இருப்பா? அவரு பட்டறையில இப்பவே வேலை பழக ஒரு பையன் இல்லை.

நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்லை. விண்டேஜ் விதியில மூணு சக்கரத்தையும் சரக்கு வண்டியையும் சேருங்க. தோட்டத்துல ஒழைக்கற பழைய வண்டிக்கு, பிரேக்கும் லைட்டும் புகையும் சோதிச்சுப் பாத்து, பகல்ல மட்டும், பக்கத்துச் சந்தை வரைக்கும் போய் வர ஒரு அனுமதி குடுங்க. வயசைப் பாக்காதீங்க, உடம்பைப் பாருங்க. தேறலைன்னா நானே எடைக்குப் போட்டுர்றேன்.

இதை நான் சொன்னா ஆபீசுல எந்திரிச்சு வந்து கூடப் பாக்க மாட்டாங்க. பழைய கார் வெச்சிருக்கற பட்டணத்துக்காரங்களுக்குச் சங்கம் இருக்குது, ஊர்வலம் இருக்குது, பேப்பர்ல போட்டோ வருது. உங்க பேச்சுக்குக் காது குடுக்கறாங்க. அடுத்த தடவை உங்க காருக்குப் பேசறப்ப, எங்க டெம்போவுக்கும் ஒரு வார்த்தை சேத்துப் பேசுங்க.

வண்டியை ஓட வெச்சப்புறம் அந்த அம்மாவைக் கூட்டிட்டு வந்து இட்டேரியில ஒரு சுத்துச் சுத்தினேன். முன்சீட்டுல உக்காந்துக்கிட்டு ஒண்ணுமே பேசலை. எறங்கறப்ப, "ஹாரன் சத்தம் மட்டும் மாறிப் போச்சுங்க"ன்னு சொல்லுச்சு. பழைய ஹாரனைத் தேடிக்கிட்டு இருக்கேன். உங்க பக்கத்துக் காயலாங்கடையில கண்ணுல பட்டா சொல்லுங்க.