பரிமாற மட்டுமா மொழி?

றொசல்லயில் இருந்துகொண்டு இத்தாலி மொழி எதற்கு என்று கேட்கிறார்கள். வென்னப்புவ பக்கத்தில் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். அங்கிருந்து எத்தனையோ பேர் இத்தாலிக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள். எங்கள் நானாவும் ஓர் உணவக வேலைக்கு முயற்சி செய்கிறார். அவருக்குச் சொற்களைப் பாடமாக்கிக் கொடுப்பது நான்தான்.

தமிழ் பேசுபவருக்கு அது அவ்வளவு அந்நியமான மொழியல்ல. 'சாப்பிடுகிறேன்' என்றாலே 'நான்' அதற்குள் இருக்கிறது. இத்தாலியரும் 'மாஞ்ஜோ' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். 'பாலா' மண்வெட்டி, 'பல்லா' பந்து. பலியையும் பல்லியையும் பிரித்தறியும் காதுக்கு இது சிரமமில்லை. சீனிக்கு அவர்கள் சொல்லும் 'த்சுக்கெரோ', அரபியின் 'சுக்கர்' வழியாக வந்ததுதான். சிரமமெல்லாம் பாலில்தான். மேசை ஆண்பால், முள்ளுக்கரண்டி பெண்பால். "மேசைக்கு மீசை இருக்கா?" என்று நானா கேட்டார். உம்மா முதலில் பாடமாக்க வைத்ததோ 'சென்ஸா மயாலே', பன்றி இறைச்சி இல்லாமல்.

எனக்குள்ள குறை வேறு. நானாவின் கொப்பியில் தட்டு, கோப்பை, பில், 'இதோ கொண்டுவருகிறேன்' எல்லாம் இருக்கின்றன. சம்பளத்துக்கான 'ஸ்திப்பெந்தியோ' இல்லை. வேலை ஒப்பந்தத்துக்கான 'கொன்த்ராத்தோ' இல்லை. ஓய்வுக்கான 'ரிபோஸோ'வும் இல்லை.

தோட்டங்களுக்கு நடுவே வாழும் நமக்கு இது புதிதல்ல. வெள்ளைக்காரத் துரைமார் தமிழ் படிக்க அன்று கைநூல்கள் அச்சாகின. ஒன்றின் பெயரே 'இங்கே வா'. 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதிய இன்னொன்று 'கூலித் தமிழ்'. வேலை வாங்குவதற்காகக் கற்ற தமிழ் அது. இன்று வேலைக்குப் போகிற நாமும், நம்மிடம் வேலை வாங்கத் தேவையான சொற்களை மட்டுமே கற்றுக்கொண்டு போவதா?

இத்தாலி மொழியிலும் நம்முடைய நீ, நீங்கள் போல 'தூ', 'லேய்' என்று இரண்டு உண்டு. வாடிக்கையாளரை 'லேய்' என்று அழைக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள், நல்லது. முதலாளி தன்னை எப்படி அழைக்கிறார் என்று கவனிக்கவும் அதே பாடத்தில் சொல்லிக்கொடுக்கலாமே.

இலக்கணம் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேச்சுமொழியிலிருந்தே தொடங்கட்டும், உணவகச் சொற்களும் இருக்கட்டும். ஆனால் பில்லுக்கான 'கொன்தோ'வைப் படிக்கிற அன்றே 'ஸ்த்ராஓர்தினாரியோ'வையும் படித்துவிட வேண்டும். வாயில் நுழையாத சொல்தான். ஓவர்டைம் என்று அர்த்தம்.